மணாலி – லே: பையில் எது, வீட்டில் எது

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் மகிழ்ச்சி. எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான் புதுச் செய்தி.

ஜூலையில் மணாலியிலிருந்து லேவுக்குச் சைக்கிளில் போகிறாயா? போ, போ. ஆனால் நீ எழுதியிருக்கும் சாமான் பட்டியலைப் பார்த்தால் கடை போடப் போகிறவன் மாதிரி இருக்கிறது. மடிக்கணினி, டேப்லெட், ட்ரோன், சோலார் பலகை! பாராலாச்சா கணவாய் ஏறக்குறைய 4,900 மீட்டர் உயரம். அங்கே கால் கிலோகூட உன் தொடையில்தான் ஏறி உட்காரும்.

நான் போனபோது தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று பலகை வைத்திருந்தார்கள். சைக்கிள்காரனுக்கு என்ன கவலை என்று சிரித்துக்கொண்டே கடந்தேன். இரண்டு நாளில் சிரிப்பு போய்விட்டது. வழியிலுள்ள கூடாரங்களில் மாலையில் சிறிது நேரம்தான் ஜெனரேட்டர் ஓடும். இருக்கிற ஒரு பிளக்குக்குப் பத்துப் பேர் நிற்பார்கள்.

எனவே ஒரு போன், 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, தலையில் மாட்டும் விளக்கு. இவை போதும். அந்த பவர் பேங்கின் மின் கொள்ளளவு சுமார் 74 வாட்-மணிதான், 100 வரை விமானத்தில் கைப்பையில் அனுமதிப்பார்கள்; பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதே. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொண்டு போனை ஃப்ளைட் மோடில் போடு. ஜிபிஎஸ் அப்போதும் வழி காட்டும். சிக்னலைத் தேடித் தேடித்தான் பேட்டரி கரைகிறது.

போனைச் சார்ஜ் செய்யச் சைக்கிள் சக்கரத்தில் மாட்டும் டைனமோ பற்றிக் கேட்டிருந்தாய். சமதளத்தில் நல்லதுதான். காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஏறிய வேகத்துக்கு அது விளக்கைக்கூட ஒழுங்காக எரிக்காது.

குளிரைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. வழியில் சர்ச்சு என்ற இடத்தில் இரவு 40 சதவீதம் இருந்த போன், காலையில் செத்துக் கிடந்தது. சட்டைக்குள் கால் மணி நேரம் வைத்திருந்த பிறகுதான் கண் திறந்தது. அன்றிலிருந்து அதைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு, படுக்கைப் பைக்குள் என்னோடு படுக்கவைத்தேன்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் எடுக்காது; போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடு. உன் அமெரிக்க மைத்துனர் தருவதாகச் சொன்ன சாட்டிலைட் போனைத் தொடவே தொடாதே. அனுமதியில்லாமல் வைத்திருப்பது இங்கே குற்றம்.

கேபிள் மட்டும் இரண்டு எடுத்துக்கொள். என்னுடைய ஒரே கேபிள் மூன்றாம் நாள் முறிந்து, பாங் என்ற இடத்தில் ஒரு லாரி ஓட்டுநரிடம் கெஞ்சி வாங்கினேன். புறப்படும் தேதியை எழுது. அந்தக் காலுறையை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்