பழைய தையல் இயந்திரங்களைக் கொடையாகப் பெறுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறநிறுவனப் பொறுப்பாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம். கொடையாக வரும் பொருள்களைப் பிரித்து, விற்க வேண்டியதை விற்று, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவரும் உங்களுக்குப் பல ஆண்டுகளாகத் தையல் இயந்திரங்களைப் பழுது பார்த்துத் தரும் உரிமையில் இதை எழுதுகிறேன். ஓர் இயந்திரம் உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்த முதல் அரை மணி நேரத்தில் அதற்கு என்ன நேர்கிறதோ, அதுவே பெரும்பாலும் அது இன்னும் பல்லாண்டு தைக்குமா, உடைத்து எடைக்குப் போடப்படுமா என்பதை முடிவு செய்துவிடுகிறது.

மையம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மேசை ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், பதினொரு இயந்திரங்களின் பெட்டிகளிலும் இழுப்பறைகளிலும் இருந்த சின்னஞ்சிறு சாமான்களை எல்லாம் ஒரே தகர டப்பாவில் கொட்டி வைத்திருந்தார்கள். எந்த பாபின் கேஸ் (கீழ்நூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடு) எதற்கு, பாபினை மூடும் எந்தச் சறுக்குத் தகடு எதற்கு என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க இரண்டு நாள் ஆயிற்று. நான்கு இயந்திரங்களின் ஷட்டில்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. பழைய இயந்திரங்கள் பலவற்றில் இன்றைய வட்ட பாபின் கிடையாது. தோட்டாவைப் போன்ற ஒரு ஷட்டிலுக்குள் நீண்டு மெலிந்த பாபின் ஒன்று உட்கார்ந்திருக்கும். கீழ்நூலைத் தருவது அதுதான். அது தொலைந்தால், மற்றதெல்லாம் குறையின்றி இருந்தும் ஒரு தையல்கூட விழாது. ஆகவே என் முதல் வேண்டுகோள் மிக எளியது: இயந்திரத்தோடு வந்த ஊசி, பாபின், துணியை அழுத்தும் பாதம், சாவி, கையேடு அனைத்தையும் ஒரு துணிப்பையில் இட்டு, அந்த இயந்திரத்தின் கழுத்திலேயே கட்டிவிடுங்கள்.

அடுத்து, சக்கரம் சுழலாத இயந்திரத்தைக் ‘கெட்டது’ என்று ஒதுக்கும் பழக்கம். இவற்றில் பெரும்பாலானவை கெட்டவை அல்ல, இறுகியவை. பல ஆண்டுகள் ஓடாமல் நின்றதில் எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும். பொருந்தாத எண்ணெயை விட்டிருந்தால் இன்னும் மோசம். அண்மையில் என்னிடம் வந்த ஒன்றைத் தலைகீழாகச் சாய்த்துப் பார்த்தபோது, ஷட்டில் ஓடும் தடத்தில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து கம்பளித்துண்டு போல் படிந்திருந்தது. அதைக் குச்சியால் சுரண்டி எடுத்து, ஒவ்வோர் எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு, இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாள் முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றியபின் சக்கரம் ஒரு விரற்கடை அசைந்தது; மாலைக்குள் முழுச் சுற்று வந்தது. பிறகு மண்ணெண்ணெயைத் துடைத்தெடுத்து மிஷின் எண்ணெய் இட்டேன். இழுப்பறையில் பாதி சுற்றிய நீல நூல் பாபினும், ஒரு குழந்தையின் சட்டை அளவு எழுதிய தாள்துண்டும் இருந்தன. அந்த நீல நூலைக் கொண்டே முதல் தையலைப் போட்டேன்; சீராக விழுந்தது. இத்தகைய ஒன்றை ஐந்து நிமிடத்தில் கைவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, எது தையலுக்கு, எது சேகரிப்போருக்கு என்ற கேள்வி. கறுப்பு உடலையும் பொன்னிறப் பூவேலையையும் கண்டதும் அரிய பொருள் என்று விலையை ஏற்றிவிட வேண்டாம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த சிங்கர் ஆலை ஒன்றே 1913ஆம் ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களை அனுப்பியது. பழமை வேறு, அருமை வேறு. சிங்கரில் 15, 66, 201 ஆகிய வகைகள் இன்றும் எங்கும் கிடைக்கும் சாதாரண ஊசியையே ஏற்பவை. 15ஆம் வகையைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் செய்ததால் அதன் உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமில்லை. இவை தைத்துப் பிழைப்போரிடம் போக வேண்டியவை. மாறாக, 1865இல் வந்த சிங்கர் 12 எவ்வளவு மென்மையாக ஓடினாலும், அதற்குரிய ஊசி இன்று எளிதில் கிடைப்பதில்லை. அதைப் பிழைப்புக்கென்று ஒருவர் கையில் கொடுத்தால், ஊசி ஒடியும் நாளில் அவருடைய வேலையும் நின்றுபோகும். அதைச் சேகரிப்போருக்கு நியாயமான விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் ஊசியும் பெல்ட்டும் வாங்குவதே இரு தரப்புக்கும் நல்லது.

அறியாமல் நேரும் இழப்புகளும் உண்டு. ஜேம்ஸ் கிப்ஸ் 1857இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் உருவான வில்காக்ஸ் அண்டு கிப்ஸ் இயந்திரம் ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுவது. அதற்கு பாபினே தேவையில்லை. ‘பாபின் இல்லை, குறையுள்ளது’ என்று சீட்டு ஒட்டி அதை ஒதுக்கியதை நான் கண்டிருக்கிறேன். 1933இல் அறிமுகமான சிங்கர் 221 அலுமினிய உடலால் ஐந்து கிலோ அளவே இருக்கும். எடை குறைவென்று அதை விளையாட்டுச் சாமானாக எண்ணிவிடக் கூடாது. சேகரிப்போர் தேடி வாங்குவது அது. ஐயமிருந்தால், அடித்தட்டில் பொறித்த வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, தெரிந்தவரைக் கேட்கும்வரை விலை சொல்லாதிருங்கள். சிங்கரில் வெறும் எண் மட்டும் இருந்தால் பொதுவாக அது 1900க்கு முந்தையது. எண்ணுக்கு முன் எழுத்தும் இருந்தால் அதற்குப் பிந்தையது.

துடைப்பதிலும் நிதானம் வேண்டும். அந்தப் பூவேலையைக் காப்பது பெரும்பாலும் அரக்கு மெருகு. அது சாராயத்தில் கரையும். ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரே ஒரு முறை அழுத்தித் துடைத்தாலே நூறாண்டுப் பொன்வேலை துணியோடு வந்துவிடும். மிஷின் எண்ணெய் தோய்த்த மெல்லிய துணி போதும். மின்மோட்டார் பொருத்தியவற்றை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று பிளக்கில் செருகாதீர்கள். பழைய ரப்பர் உறை நொறுங்கி உள்ளே செம்புக் கம்பி வெளிப்பட்டிருக்கலாம். கையால் சுழற்றிப் பார்த்தாலே இயந்திரத்தின் நிலை தெரிந்துவிடும். ஆரங்கள் உள்ள சக்கரமும் மோட்டார் பொருத்தும் மேடும் இருந்தால், மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கைப்பிடி மாட்டிக் கைமிஷினாக்கவும் வழியுண்டு.

என்னை மிகவும் வருத்துவது கால் மிஷின்களின் கதி. வார்ப்பிரும்புக் காலுக்கு மேசை செய்வோரிடம் கிராக்கி இருப்பதால், காலை விற்றுவிட்டு மேலே இருக்கும் இயந்திரத்தை எடைக்குப் போடுகிறார்கள். மின்சாரம் நிலையாக இல்லாத இடத்தில் தைத்துப் பிழைப்பவருக்குக் கால் மிஷினைவிட உற்ற துணை வேறில்லை; மிதிப்பது காலாகையால் இரண்டு கைகளும் துணியைப் பிடிக்க விடுதலையாக இருக்கின்றன. உங்களிடம் அப்படி ஒன்று முழுமையாக வந்தால், தயவுசெய்து அதைப் பிரிக்காதீர்கள். தலை மட்டும் தனியே வந்தாலும் வைத்திருங்கள். கால் மட்டும் தனியே ஒருநாள் வரும்.

கொடுக்கப்படும் ஒவ்வோர் இயந்திரமும் இரண்டு மடிப்புத் துணியில் ஒரு முழம் தைத்துக் காட்டிய பிறகே உங்கள் வாசலைத் தாண்ட வேண்டும் என்பதையும் விதியாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பெறுபவர் வறியவர் என்பதற்காகத் தைக்காத இயந்திரத்தை அவர் தலையில் கட்டுவது கொடையாகாது. தைத்த அந்தத் துண்டை ஊசியின் கீழேயே விட்டு அனுப்புங்கள். திறந்ததும் பெறுபவர் அதைப் பார்ப்பார்.

இறுகியவை, பாகம் குறைந்தவை, எதுவென்று தெரியாதவை ஆகிய மூன்றையும் ஒரு மூலையில் சேர்த்து வையுங்கள். அவற்றைப் பார்க்க நானும், என்னைப் போலப் பழுது பார்க்கும் பிறரும், கருவிகளோடு நீங்கள் சொல்லும் நாளில் வரக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
பழைய தையல் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒருவர்