கையுறை போடு தம்பி

தம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், போனை எடுத்தால்தானே தெரியும்.

பாரீசிலிருந்து நீயே பிலிம் கழுவி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கதை இல்லை, ஆள் இல்லை, பாட்டு இல்லை. ஆனால் அந்த மாடிப்படிச் சுவரில் வெயில் இறங்குகிறதே, அங்கே கறுப்பு நல்ல கறுப்பாக விழுந்திருக்கிறது. அப்பா இருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார். ஓரத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது. வாளியில் மொத்தமாகப் போட்டுக் கழுவினாயா? பிலிம் ஒன்றோடொன்று ஒட்டினால் அந்த இடத்தில் மருந்து ஏறாது. அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கையுறை போடுகிறாயா? பிலிம் கழுவும் டெவலப்பரில் மெட்டால் என்ற மருந்து இருக்கலாம், சிலருக்கு அது தோலில் ஒத்துக்கொள்ளாது. அப்பாவின் விரலிடுக்கு உனக்குத் தெரியுமே. இடுக்கி பக்கத்திலேயே இருக்கும், அவர் கையால்தான் எடுப்பார். கடைசியில் தோல் வெடித்துச் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டார். உனக்கும் அதே தோல்தான்.

நெகட்டிவ் இல்லாமல் நேராகவே பாசிட்டிவ் எடுக்கிறோம் என்றாய். நடுவில் முதலில் விழுந்த வெள்ளியைக் கரைக்கும் ப்ளீச் வருமாமே. பெரிய அக்காவிடம் கேட்டேன். அதில் போடுவது டைக்ரோமேட் என்றால் தொடவே வேண்டாம் என்கிறாள், புற்றுநோய் வரவைக்கும் சரக்காம். பெர்மாங்கனேட்டே போதுமாம். எதுவானாலும் கந்தக அமிலம் சேர்க்க வேண்டும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. உன் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கை படும் இடத்தில் அது இருக்கவே வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் காபித்தூளில் பிலிம் கழுவிக் காட்டுகிறாயே, அதுதான் எனக்குப் பிடித்தது. காபி, வாஷிங் சோடா, வைட்டமின் சி. காபியும் சோடாவும் 1995இல் அமெரிக்காவில் ராச்செஸ்டரில் ஒரு வகுப்பில் கண்டுபிடித்தது, வைட்டமின் சி பிறகு சேர்த்தது என்று எழுதியிருந்தாய். பிரதி எடுக்கும் பிரிண்ட் பிலிமைச் சிவப்பு விளக்கிலேயே கழுவலாம் என்பதால் படம் எழும்புவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதும் நல்ல யோசனை. பாரீஸ் பக்கத்து லா குர்நெவ்வில் சிலோன் தமிழ்ப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்று அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒன்று கேட்கிறேன். அப்பா கூப்பிட்டபோது ஒரு நாளாவது டார்க் ரூமில் வந்து நின்றாயா? புழுக்கம் என்று பீச்சுக்கு ஓடிவிடுவாய். மே மாதத்தில் டிரேயைச் சுற்றி ஐஸ்கட்டி அடுக்கி, மருந்தை 20 டிகிரிக்கு இறக்க அவர் பட்ட பாடு! அதையே பாரீஸ் போய்க் காசு கொடுத்துக் கற்றிருக்கிறாய். 1996இல் கலைஞர்களே கூடித் தொடங்கிய லாபோமினாபிள் என்ற பிலிம் லேப், இப்போது பாரீஸ் பக்கத்து எப்பினேயில் பழைய எக்லேர் சினிமா லேப் இருந்த இடத்தில் நடக்கிறது என்றாயே. மூடிப்போன லேபில் மறுபடி பிலிம் கழுவுகிறார்கள் என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் போட்டோக் கடையில் இப்போது வாடகைக்காரர்கள் மொபைல் கவர் விற்கிறார்கள். டார்க் ரூமில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது.

செவ்வாய் பகலில் வகுப்பு, வியாழன் பகலில் வகுப்பு என்று எழுதியிருக்கிறாய். ஆபீசில் நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்களா? அத்தை மகனும் உன்னைப் பகலில் கடைத்தெருவில் பார்த்ததாகச் சொன்னான். இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம், கடை வாடகையே எனக்குப் போதும்.

குளியலறையில் கழுவினால் ஜன்னலைத் திறந்து வை, குளிர் என்று மூடாதே. படம் அழியாமல் நிற்கப் போடும் ஹைப்போ மருந்து பழசானால் சிங்கில் ஊற்றாதே, அதில் வெள்ளி இருக்கும். கேனில் சேர்த்து லேபில் கொடுத்துவிடு. கையுறை போடு. வாங்கக் காசு இல்லையென்றால் சொல், அண்ணன் அனுப்புவான். வேலை இல்லையென்றாலும் சொல், நான் திட்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், எடு.

அம்மா