ஒரு பனியனுக்கு 60 கிராம் உப்பு

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. மாற்றல் கிடைத்துச் சொந்த ஊர்ப் பக்கமே வந்துவிட்டாய், அம்மாவையும் கூடவே வைத்துக்கொள்ள முடிகிறது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரிக்குப் போகிறாள். வேதியியல்தான் எடுத்திருக்கிறாள்.

ஒன்பதாம் வகுப்புச் சுற்றுச்சூழல் பாடத்தை, திருப்பூர் வழியாக ஓடும் நம் நொய்யல் ஆற்றை வைத்தே நடத்தலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக நடத்து. ஆறு பள்ளிக்கு அந்தப் பக்கம் ஓடும்போது அமேசான் காட்டையும் துருவப் பனியையும் மட்டும் படித்துவிட்டு வீட்டுக்குப் போவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். உன் வகுப்பில் பல பேருடைய அப்பா அம்மா பனியன் கம்பெனியிலோ சாயப்பட்டறையிலோ வேலை செய்கிறவர்கள். முதல் நாளே "ஆற்றைக் கெடுத்தவர்கள்" என்று ஆரம்பித்தால் அந்தப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டுவிடும். பட்டறையில் என்ன நடக்கிறது என்று வகுப்பிலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பேசவிடு.

நொய்யல் என்றதும் எல்லோரும் நிறத்தைத்தான் சொல்வார்கள். சிவப்பாக ஓடியது, நீலமாக ஓடியது என்பார்கள். நிறத்தை ஓரளவு எளிதாக எடுத்துவிடலாம். நிலத்தையும் கிணற்றையும் நீண்ட காலத்துக்குக் கெடுத்தது உப்பு. அது கண்ணுக்குத் தெரியாது, வடிகட்டினாலும் போகாது. பாடம் முழுவதையும் இந்த ஒரு விஷயத்தின் மேல் நிறுத்து என்பதுதான் என் யோசனை.

முதல் வகுப்பில் ஆய்வுக்கூடம் வேண்டாம், கரும்பலகை போதும். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, நடுத்தர நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்று வைத்துக்கொள். வெளிர் நிறத்துக்குக் குறையும், கறுப்புக்கும் கருநீலத்துக்கும் 80 வரை போகும். 1 கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்றால் 400 கிராம் உப்பு. 150 கிராம் எடையுள்ள பனியன் ஒன்றுக்கு 60 கிராம். ஒரு புதுப் பனியனை மேசையில் விரித்து, பக்கத்தில் ஒரு தாளில் 60 கிராம் உப்பைக் கொட்டி வை. ஒரு கை நிறைய இருக்கும். அந்தக் குவியல் எங்கே போயிற்று என்று கேள். சாயத்தோடு துணியில் ஒட்டிக்கொண்டது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

உப்பின் வேலையை அங்கே விளக்கலாம். தண்ணீரில் ஊறிய பருத்தி இழைக்கு லேசான எதிர் மின்னூட்டம் உண்டு. சாய மூலக்கூறுக்கும் எதிர் மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளும். உப்பிலிருந்து வரும் சோடியம் அயனிகள் நடுவில் சூழ்ந்து அந்தத் தள்ளலைக் குறைக்கின்றன, சாயம் இழையில் ஏறுகிறது. பிறகு சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போட்டுக் காரத்தன்மையைக் கூட்டினால் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பில் நின்றுவிடும். உப்பு எதனோடும் சேர்வதில்லை, செலவாவதும் இல்லை. போட்ட 400 கிராமும் அப்படியே கழிவு நீரில் வரும்.

அடுத்த கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெளுப்பது, சாயம் போடுவது, அலசுவது எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 80 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று வை. 400 கிராமை 80 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 5 கிராம், அதாவது 5000 மில்லிகிராம். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புகள் 2100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. "அப்படியானால் இன்னும் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டால் சரியாகிவிடுமே, டீச்சர்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்கட்டும். மொத்தத் தண்ணீரை 200 லிட்டராக்கினால் வரம்புக்குள் வந்துவிடும், ஆனால் ஆற்றுக்குப் போகும் உப்பு அதே 400 கிராம்தான். ஒரு நாளைக்கு 5 டன் துணிக்குச் சாயம் போடும் பட்டறை என்றால் நாளுக்கு 2 டன் உப்பு. அடர்த்தி வேறு, மொத்தச் சுமை வேறு என்று பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் பிடிபட்டுவிட்டால், பின்னால் கார்பன் டை ஆக்ஸைடு பாடம் வரும்போதும் நீ பாதி விளக்கம் கொடுத்தால் போதும்.

இனி செய்முறை. தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவை (டிடிஎஸ்) 0 முதல் 9990 பிபிஎம் வரை, அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வேண்டும், பேனா மாதிரி இருக்குமே, அதுவே போதும். அது உப்பை நேராக அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் வாங்கியதும் சரிபார்த்துக்கொள். சமையலறைத் தராசில் 1 கிராமை நம்பி நிறுக்க முடியாது. 10 கிராம் உப்பை 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து 100 மில்லி எடுத்து மறுபடி 1 லிட்டராக்கு. மீட்டர் 1000க்குப் பக்கமாகக் காட்ட வேண்டும். ஆயிரத்துக்கு மேல் போனால் பல மீட்டர்கள் திரையில் "×10" என்று சின்னதாகக் காட்டும். அதைக் கவனிக்காமல் 5000 பிபிஎம்மை 500 என்று எழுதிவிடுவார்கள்.

வடிகட்டிச் சோதனைக்கு 1 லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் பஞ்சு வைத்து, அதன் மேல் 5 செ.மீ. கரித்தூள், 5 செ.மீ. ஆற்று மணல், மேலே சிறு ஜல்லி. அடுப்புக்கரி நிறத்தை அரைகுறையாகத்தான் எடுக்கும். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் நல்லது. எதுவானாலும் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவு, இல்லையென்றால் சாம்பலே டிடிஎஸ்ஸை ஏற்றிவிடும். 2 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் உப்பு, பத்துச் சொட்டு நீல மை. பட்டறையிலிருந்து சாயப் பொடி கொண்டுவரட்டுமா என்று யாராவது கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்தத் தூசி மூச்சில் போனால் சிலருக்கு ஆஸ்துமா மாதிரி வரும்.

ஊற்றும் முன் டிடிஎஸ் 5000. மெதுவாக ஊற்றினால் கீழே நிறமில்லாத தண்ணீர் சொட்டும். அளந்தால் அதே 5000. ஆனால் முதலில் வரும் 300 மில்லியைக் கொட்டிவிட வேண்டும். வடிகட்டிக்குள் கழுவிய தண்ணீர் தங்கியிருக்கும், அது கலந்து 2000, 3000 என்று காட்டும். உடனே "கரி உப்பை எடுத்துவிட்டது" என்று நோட்டில் ஏறிவிடும். கொட்டாமல் 100 மில்லிக்கு ஒரு தரம் அளந்து வரைபடம் போடச் சொன்னால் இன்னும் நல்லது, எண் ஏறிக்கொண்டே போய் 5000இல் நிற்பதை அவர்களே பார்ப்பார்கள். அந்தத் தெளிந்த தண்ணீரை யாரும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்.

அடுத்தது பச்சைப்பயறு. லிட்டருக்கு 0, 2, 4, 8, 12, 16 கிராம் என ஆறு கரைசல்கள். மூடியுள்ள ஆறு டப்பாக்களில் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்து, ஒவ்வொன்றிலும் 15 மில்லி கரைசல், உடையாத பயறு 20. மூன்றாம் நாள் முளைத்ததை எண்ணி, வேரை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். முளைத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 4 கிராம் வரை பெரிய வித்தியாசம் தெரியாது, வேரின் நீளத்தில்தான் முதலில் தெரியும். வேரை அளக்காமல் விட்டால் பாதி விஷயம் போய்விடும். இதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. பயறை முன்னாலேயே வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பின் விளைவு மழுங்கிவிடும், அந்தந்தக் கரைசலிலேயே ஊற வேண்டும். துணி காய்ந்தால் உப்புக் கரைசலை மறுபடி ஊற்றக் கூடாது, உப்பு கூடிக்கொண்டே போகும். ஆர்.ஓ. தண்ணீரைத்தான் தெளிக்க வேண்டும். மூன்றாவது, உன் பகுதிக்கென்றே உள்ளது. "0" என்று போர் தண்ணீரை ஊற்றிவிடாதே. உங்கள் பக்கத்துப் போர்களில் சில அதுவாகவே 2 கிராமைத் தாண்டும்.

மண் சோதனையை விட்டுவிடலாமா என்று தோன்றலாம். விட்டுவிடாதே. களிமண் கலந்த மண் 50 கிராம் வீதம் இரண்டு பாட்டில்களில் போடு. ஒன்றில் லிட்டருக்கு 10 கிராம் உப்புக் கரைத்த தண்ணீர் 300 மில்லி, மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். குலுக்கி ஒரு இரவு வைத்தால் உப்புத் தண்ணீர் பாட்டிலில்தான் மண் நன்றாகத் தெளிந்து படிந்திருக்கும். இங்கேயே நிறுத்தினால் உப்பு மண்ணுக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். தெளிந்ததை இறுத்துவிட்டு அதே உப்புக் கரைசலை இன்னும் இரண்டு முறை ஊற்றிக் குலுக்கு. அதன் பிறகு மழைக்குப் பதிலாக ஆர்.ஓ. தண்ணீர். இரண்டு மூன்று அலசலில் அந்தப் பாட்டில் கலங்கி, நாள்கணக்கில் தெளியாமல் நிற்கும். களிமண் துகள்களைப் பிடித்திருந்த கால்சியத்தின் இடத்தில் சோடியம் உட்கார்ந்துவிட்டது. தண்ணீரில் உப்பு இருக்கும்வரை அது தெரியாது. மழை வந்து உப்பை அலசியதும் துகள்கள் பிரிந்து மண்ணின் கண்களை அடைத்துவிடும். வயலில் தண்ணீர் இறங்காமல் தேங்கி, காய்ந்ததும் பாறையாக இறுகும். களர் நிலம் என்று நம் பக்கம் சொல்வது இதைத்தான். அந்தக் கலங்கலில் அரைத் தேக்கரண்டி ஜிப்சம் போட்டுக் குலுக்கினால் கால்சியம் திரும்ப வந்து மண் படியும். சுண்ணாம்புக்கல் அதிகமுள்ள மண்ணில் இந்தச் சோதனை சரியாக வராது, ஏற்கெனவே கால்சியம் நிறைய இருப்பதால். இரண்டு மூன்று வயல் மண்ணை முன்கூட்டியே போட்டுப் பார்த்து வைத்துக்கொள்.

இதெல்லாம் முடிந்த பிறகு வரலாற்றைச் சொல். பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு வந்து தேங்கியது. அணையைத் திறக்கவே வேண்டாம் என்று கீழ்ப்பகுதி விவசாயிகள் கேட்கும் நிலை வந்தது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒரு துளிக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் நடத்தலாம் என்ற நிலை. வேலை இழந்த தொழிலாளர்களின் பக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வகுப்பிலேயே யாருடைய தாத்தாவோ விவசாயியாகவும் அப்பா பட்டறையிலும் இருந்திருப்பார்கள்.

"ஒரு துளியும் வெளியே விடாமல்" என்றால் என்ன என்பதற்கு வீட்டு ஆர்.ஓ. இயந்திரமே போதும். உள்ளே போகும் தண்ணீர், குடிக்கும் தண்ணீர், வெளியேற்றும் தண்ணீர் மூன்றின் டிடிஎஸ்ஸையும், எத்தனை லிட்டர் என்பதையும் குறித்துவரச் சொல். 1200 உள்ள தண்ணீர் 100 லிட்டர் போய், 30 லிட்டர் 60ஆக வந்தால், மீதி 70 லிட்டர் 1700க்குப் பக்கம் இருக்கும். உப்பு மறையவில்லை, ஒரு பக்கம் ஒதுங்கியது. பட்டறையில் 5000 உள்ள தண்ணீர் 1000 லிட்டரில் 800 லிட்டரை நல்ல தண்ணீராக எடுத்தால், மீதி 200 லிட்டர் 25,000 ஆகிவிடும், கடல் நீரே 35,000தான். அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பை எடுக்க வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். எடுத்த உப்பில் நல்லதை மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தலாம், கலப்பு உப்பு மூட்டையாகக் கிடக்கும். பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, உப்பே குறைவாகக் கேட்கும் சாயம் உண்டா, தண்ணீர் குறைவாக எடுக்கும் இயந்திரம் உண்டா என்று அவர்களாகவே கேட்பார்கள். இரண்டும் உண்டு. குறைந்த உப்புச் சாயங்கள் சந்தையில் இருக்கின்றன. துணிக்கு 8 பங்கு தண்ணீருக்குப் பதில் 5 பங்கில் ஓடும் இயந்திரத்தில், லிட்டருக்கு அதே 50 கிராம் போட்டாலும் கிலோவுக்கு 250 கிராம்தான்.

கிணறு அளக்க ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை, தை மாதம் ஒரு முறை போனால் போதும். ஆற்றிலிருந்து 100 மீட்டர், 500 மீட்டர், 1 கிலோமீட்டர் தூரத்தில் ஒவ்வொரு கிணறு. தோட்டத்துக்காரரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிப் பிடி. குழாயில் நின்ற தண்ணீரை அளந்தால் கிணற்றின் எண் வராது. பிள்ளைகளைக் கிணற்று மேட்டுக்கு அனுப்பாதே, பம்பு செட்டில் பிடித்தால் போதும். அந்த எண்ணைத் தோட்டத்துக்காரருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவருக்குத்தான் அது முதலில் பயன்படும்.

ஆக்டிவேட்டட் கார்பன் அங்கே கிடைக்காவிட்டால் சொல், பெரியவள் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். முதல் சுற்றுக் கிணற்று எண்கள் வந்ததும் எனக்கு அனுப்பு. என் வகுப்புப் பிள்ளைகள் இங்கே அளப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சாந்தி