மன்ரோ தெரு 415: சினாட்ரா பிறந்த இடத்தில் விளக்கப் பலகை வேண்டி மனு

அனுப்புநர்
மன்ரோ தெருவில் நான்காம், ஐந்தாம் தெருக்களுக்கு நடுவே குடியிருப்போர் சார்பில்,
ஹோபோக்கன், நியூ ஜெர்சி.

பெறுநர்
மேயர் அவர்கள்,
நகர மன்றக் கட்டடம், 94 வாஷிங்டன் தெரு,
ஹோபோக்கன்.

பொருள்: மன்ரோ தெரு 415ஆம் எண் முன்னால் நடைபாதையில் பதித்துள்ள, அமெரிக்கப் பாடகர் ஃப்ராங்க் சினாட்ராவின் நினைவு நட்சத்திரத்தைப் பராமரிக்கவும், அதனருகே விளக்கப் பலகை வைக்கவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு,

வணக்கம். இம்மனுவின் ஆங்கிலப் படியை இணைத்துள்ளேன். எங்கள் தெருவிலும் பக்கத்து ஜெர்சி சிட்டியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திடத்தான் இந்தத் தமிழ்ப் படி.

வார இறுதிகளில் யாராவது ஒருவர் எங்கள் தெருவில் வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே நடந்து வருவார். 411, 413 என்று தாண்டி வந்து, நின்று, அண்ணாந்து பார்ப்பார். பிறகு எங்களில் ஒருவரைப் பிடித்து, சினாட்ரா பிறந்த வீடு எது என்பார். அந்த வீடு தீயில் போய், 1960களிலேயே இல்லாமல் ஆகிவிட்டது என்போம். முகம் வாடிவிடும். அப்புறம், "கீழே பாருங்கள்" என்போம். அவர் காலடியில் இருக்கும் அந்த வெண்கல நட்சத்திரம். ஹோபோக்கன் வரலாற்று அருங்காட்சியகத்தார் 1996இல் பதித்தது. சினாட்ராவின் பெயர், 'குரல்' என்ற பட்டப்பெயர், 1915 டிசம்பர் 12 அன்று இங்கே பிறந்தார் என்ற ஒரு வரி. அவ்வளவுதான். பனிக்காலத்தில் அதுவும் பனிக்கடியில் போய்விடும்.

நகரம் அவரை மறந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆற்றோரச் சாலைக்கு அவர் பெயர், பூங்காவுக்கு அவர் பெயர், தபால் நிலையத்துக்கும் அவர் பெயர். 2021 டிசம்பர் 12 அன்று, அவருடைய 106ஆவது பிறந்தநாளில், சிற்பி கரோலின் பால்மர் செய்த வெண்கலச் சிலையும் பூங்காவில் திறக்கப்பட்டது. நல்ல சிலை. ஆனால் இவையெல்லாம் கிழக்கே, ஹட்சன் கரையில், மன்ஹாட்டனைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கத் தோதான பக்கத்தில் இருக்கின்றன. அவர் பிறந்ததோ மேற்கே, ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்த பள்ளப் பகுதியில். 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது எந்தப் பக்கம் தண்ணீர் வடியாமல் நின்றது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் வசதியானவர்கள் மேட்டுப்பக்கம் இருந்தார்கள். இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்குக் கிடைத்தது இந்தப் பக்கம். சிலை காட்டுவது புகழ்பெற்ற பிறகு இருந்த மனிதரை. அவர் எங்கிருந்து வந்தார் என்பதை எங்கள் தெருதான் சொல்ல முடியும், சொல்வதற்கு அதற்கு ஒரு பலகை வேண்டும்.

அதில் என்ன எழுதலாம் என்று கேட்டால், அம்மா அப்பாவிலிருந்து தொடங்குவோம். அப்பா மார்ட்டி சிசிலிக்காரர். குத்துச்சண்டை மேடையில் ஐரிஷ்காரர்களுக்குத்தான் மதிப்பு என்பதால் 'மார்ட்டி ஓ'பிரையன்' என்று பெயர் வைத்துக்கொண்டு சண்டை போட்டவர். பிற்பாடு இதே நகரத்தின் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தார். அம்மா டாலி வட இத்தாலியின் ஜெனோவா பக்கத்துக் குடும்பம். மருத்துவச்சி. வட்டார ஜனநாயகக் கட்சி வேலைகளில் முன்னால் நின்றவர். இத்தாலிய வட்டார வழக்குகள் பல அவருக்குத் தெரியும் என்பதால், ஆங்கிலம் தெரியாமல் வந்திறங்கியவர்களுக்கு அலுவலகங்களில் மொழிபெயர்த்துச் சொல்லிக் காரியம் முடித்துக் கொடுப்பாராம். இப்படி ஒருவர் எங்கள் பகுதியில் இப்போது இருந்தால் எத்தனை பேர் அவர் வாசலில் நிற்போம் என்று நினைத்துக்கொள்வேன்.

பிரசவம் சிக்கலானது. ஏறத்தாழ ஆறு கிலோ எடையுள்ள குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்ததில் இடது கன்னம், கழுத்து, காது எல்லாம் காயம். அந்தத் தழும்பு கடைசி வரை போகவில்லை. பிள்ளை பிழைக்காது என்று விட்டுவிட்ட நிலையில், பாட்டிதான் தூக்கிக்கொண்டு போய்க் குளிர்ந்த நீரில் காட்டினார் என்பார்கள், உடனே அழுததாம். அந்தக் குரலின் முதல் சத்தம் கேட்டது இந்த இடத்தில்தான். பிறப்புப் பதிவேட்டில் குடும்பப் பெயரை 'சினெஸ்ட்ரோ' என்று எழுதி வைத்தார்கள். எங்கள் பெயர்களைப் படிவங்களில் என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதை அனுபவிக்கும் எங்களுக்கு இந்தச் செய்தி மட்டும் சிரிப்பையே வரவழைக்கிறது.

சினாட்ரா பிற்காலத்தில் ஊர்ப்பக்கம் அதிகம் வரவில்லை என்று மனக்குறைப்படுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். 1985இல் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் கௌரவப் பட்டம் வாங்க வந்தார். அவர் திரும்பி வந்தாரா இல்லையா என்பதற்கும் இந்தத் தெருவின் கதைக்கும் தொடர்பில்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. நட்சத்திரத்துக்கு அருகே, நடப்பவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில், வெள்ளம் வந்தாலும் நனையாத உயரத்தில் ஒரு பலகை. ஆங்கிலம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மூன்றிலும் வாசகம். மார்ட்டி, டாலி பெயர்கள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய மன்ரோ தெருவின் புகைப்படம் ஒன்று அருங்காட்சியகத்தில் கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த புனித ஃப்ரான்சிஸ் ஆலயத்துக்கும், பிறகு குடும்பம் குடிபோன கார்டன் தெருவுக்கும், ஆற்றங்கரைச் சிலைக்கும் வழிகாட்டும் சிறு வரைபடம் இருந்தால் வருகிறவர் இங்கேயே திகைத்து நிற்க மாட்டார். நட்சத்திரத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது, டிசம்பர் 12க்கு முன்னால், வெண்கல வேலை தெரிந்தவரைக் கொண்டு சுத்தம் செய்து மெழுகு பூச ஏற்பாடு செய்ய வேண்டும். பனி உருகத் தெருவில் உப்புத் தூவும் மாதங்களில் வெண்கலம் சீக்கிரம் கறுத்துவிடுகிறது.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஒலிபெருக்கி வேண்டாம். சுற்றுலாப் பேருந்து நிற்க இடம் ஒதுக்க வேண்டாம், தெரு தாங்காது. இரவு முழுக்க எரியும் விளக்கும் வேண்டாம், எதிர் வீட்டு ஜன்னலுக்குள் குழந்தைகள் தூங்குகிறார்கள். அந்த மனையின் உரிமையாளரைக் கலந்து பேசாமல் எதுவும் தொடங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இதை அடுத்த நகர மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு வேண்டுகிறோம். பலகையின் வாசகத்தை முன்கூட்டியே தெருவாசிகளிடம் காட்டினால் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வோம். கூட்டத்துக்கு அழைத்தால் நான்கைந்து பேர் வந்து பேசத் தயார்.

இப்படிக்கு,
மன்ரோ தெருவாசிகள்

இணைப்பு: ஆங்கிலப் படி, கையெழுத்துப் பட்டியல், நட்சத்திரத்தின் புகைப்படங்கள் இரண்டு.