கோடிக்கு ஏழு சுழியம்

மன்னார்குடி
புரட்டாசி 12

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. என்னால் வர முடியாமல் போனதற்கு வயல்தான் காரணம். அதைப் பற்றித்தான் நீயும் கேட்டிருக்கிறாய்: “கும்பகோணத்தில் என் மண்ணின் பி.எச் 7.6, உன் மண்ணுக்கு 8.6. ஒரு புள்ளிக்கா இவ்வளவு கவலை?”

அந்த ஒன்று, ஒன்று அல்ல, பத்து மடங்கு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு குறுவை செலவானது.

பி.எச் என்பது கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின், அதாவது மின்னேற்றம் கொண்ட ஹைட்ரஜன் துகள்களின் கணக்கு. அவை மிகுந்தால் புளிப்பு, அதாவது அமிலம். குறைந்தால் காரம். சுத்தமான நீரிலும் அவை கொஞ்சம் உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 55 கோடி நீர் மூலக்கூறுகளில் ஒன்றுதான் உடைந்து அயனியாகிறது. ஒரு லிட்டருக்குக் கணக்கிட்டால், ஒரு மோலில் (துகள்களை எண்ணும் அலகு அது) கோடியில் ஒரு பங்கு. கோடிக்கு எத்தனை சுழியம்? ஏழு. நடுநிலை 7 என்பது இந்த ஏழுதான்! 8 என்றால் பத்துக் கோடியில் ஒரு பங்கு, 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சுழியம் கூடக் கூட அயனி குறைகிறது. எண் ஏறினால் அமிலம் இறங்குவது இதனால்தான். பள்ளியில் மடக்கை என்று மனப்பாடம் செய்தோமே, அது இந்தச் சுழியம் எண்ணும் வேலைதான். 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்த சோரன்சென் தந்த அளவுகோல் இது. எவ்வளவு அழகான சிந்தனை!

இப்போது என் வயலைப் பார். 8.6 என்றால் நடுநிலை நீரில் இருப்பதில் நாற்பதில் ஒரு பங்கு அயனிதான். ஆற்றுத் தண்ணீர் வரத் தாமதமானதால் போர் தண்ணீரையே பாய்ச்சினேன். அதிலிருந்த சோடியமும் கார்பனேட்டும் மண்ணில் தங்கிவிட்டன. நட்ட மூன்றாவது வாரம் இலைகளில் துருப்பிடித்தது போலப் புள்ளிகள். துத்தநாகக் குறை. மண்ணில் துத்தநாகம் இல்லாமல் இல்லை, பி.எச் ஒரு புள்ளி ஏறினால் கரைந்து வேருக்குக் கிடைக்கும் துத்தநாகம் நூறில் ஒரு பங்காகிவிடும். உன் பயிர் பசேலென்று நிற்பதும் என் பயிர் குட்டையாக நின்றுபோனதும் இதனால்தான்.

போன வாரம் மருமகள் வேட்டியில் பட்ட மஞ்சள் கறைக்குச் சவுக்காரம் போட்டாள். கறை குங்குமச் சிவப்பாகிவிட்டது. புளித்தண்ணீரை ஊற்றச் சொன்னேன், மறுபடி மஞ்சளானது. சவுக்காரம் காரம், புளி அமிலம்: அயனி குறைந்ததும் கூடியதும் கண்முன்னே நடந்தது. பேத்திக்கு இதைச் செய்து காட்டு.

மண்ணுக்கு ஜிப்சம் போட்டிருக்கிறேன். அது அமிலமல்ல. அதிலுள்ள கால்சியம் மண்ணிலிருந்து சோடியத்தை வெளியேற்றும். பிறகு நல்ல தண்ணீரைத் தேக்கி வடிக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, முதல் வடிப்பு நேற்று முடிந்தது. இன்னும் இரண்டு வடித்த பிறகு சம்பா நடவு.

கோடையில் பசுந்தாள் உரமாக மடக்கி உழத் தக்கைப்பூண்டு விதை இருபது கிலோ வேண்டும். உன் பக்கம் நல்ல விதை கிடைத்தால் பஸ்ஸில் போட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்