நம்ம ரிசர்வ் சைட் பூங்காவாச்சு: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

நம் லேஅவுட் மக்களுக்கும், வெளியிலிருந்து தோள் கொடுத்தவர்களுக்கும் வணக்கமுங்க.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்காக் கதவைத் திறந்ததும், பொருளாளர் என்ற முறையில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லாருக்கும் நன்றி" என்றேன், உட்கார்ந்துவிட்டேன். அந்த "எல்லாருக்கும்" என்பதற்குள் யார் யார் இருந்தார்கள் என்று எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ரிசர்வ் சைட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் பத்தில் ஒரு பங்கு இடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி நமக்கு விடப்பட்டது 32 சென்ட். அதில் இருபது வருடமாக வளர்ந்தது பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும்தான். ஆடிக் காற்று அடித்தால் அங்கே கிடந்த பாலிதீன் பை எல்லாம் நம் வீட்டு மாடிக்கு வந்துவிடும்.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினம். ஊர்களில் கிராம சபை போல, நகரங்களில் மக்கள் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டம் முதன்முதலாக நடந்த நாள். சாக்கடை, தெருவிளக்கு என்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த கல்லூரி மாணவி எழுந்து "நமக்கு நாமே திட்டத்துல கேட்கலாமுங்களா?" என்றாள். 1997-98இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை 2021இல் நகரங்களுக்கு மறுபடி கொண்டுவந்திருந்தார்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். இவ்வளவுதான் விதி. வீட்டில் பெரியவர்கள் அத்தனை பேர் இருந்தும் இதைத் தேடிப் படித்து வந்து சொன்னது ஒரு இருபது வயதுப் பெண். கண்ணு, முதல் நன்றி உனக்குத்தான்.

அடுத்தது மூன்றாவது தெருப் பாட்டிக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அது ரிசர்வ் சைட் என்று நாம் எல்லோரும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர, கையில் காகிதம் ஒருவரிடமும் இல்லை. வடவள்ளி 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. நம் லேஅவுட் அதற்கு முன்பே, பேரூராட்சிக் காலத்தில் போட்டது. தானப் பத்திரத்தின் எண் என்ன, எந்த வருடம் பதிவானது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வீடு வீடாகப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தோம். மனை எண் இருந்தது, எல்லை இருந்தது, வரைபடம் மட்டும் இல்லை. மூன்று மாதம் இப்படியே போயிற்று. விட்டுவிடலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

ஒரு நாள் பாட்டி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். அவருடைய வீட்டுக்காரர் மனை வாங்கியபோது கிரயப் பத்திரத்தோடு மடித்து வைத்த லேஅவுட் வரைபடம், மடிப்பு மடிப்பாக, ஓரம் பழுப்பேறிப்போய் இருந்தது. அதில் நம் 32 சென்ட்டுக்கு நேரே "பூங்கா" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சர்வே எண். "அவரு எதையும் தூக்கிப் போட மாட்டாருங்க. நான் அதுக்குத் திட்டீட்டே இருப்பேன்" என்றபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் காகிதத்தை யார் கையிலும் தர மாட்டேன் என்றுவிட்டார். எண்பத்திரண்டு வயதில் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் எங்களோடு வந்து, ஜெராக்ஸ் கடையில் நின்று, நகல் எடுத்து முடிக்கும் வரை கண்ணை எடுக்கவில்லை. அந்த சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போட்டதும் தானப் பத்திரத்தின் பதிவு எண் வந்துவிட்டது. பிறகு சான்றிட்ட நகல் வாங்குவது பெரிய வேலையாக இல்லை. ஆட்டோ ஓட்டிய தம்பி அன்று முழுக்கக் காத்திருந்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். அவரையும் மறக்கவில்லை.

மதிப்பீடு 12 லட்சத்து 60 ஆயிரம். நம் பங்கு 4 லட்சத்து 20 ஆயிரம். தொகையைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. 61 மனையில் ஏழு காலி மனை. அவற்றின் உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் தருவார்கள் என்று எதிர்பார்த்தேன், தந்தார்கள், நன்றி. ஆனால் வாடகைக்கு இருக்கும் பத்தொன்பது குடும்பங்களைக் கேட்பதா வேண்டாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர்களே வந்தார்கள். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யவிருந்த ஒரு குடும்பம் 3,000 ரூபாய் கொடுத்தது. "நீங்கதான் போயிடுவீங்களே" என்று கேட்டேன். "வர்றவங்க புள்ளைக விளையாடட்டுமுங்க" என்றார் அந்த அம்மா. அவர்கள் இப்போது திருப்பூரில் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்குக் கட்டாயம் போய்ச் சேர வேண்டும். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் தந்த 500 ரூபாயை வாங்கும்போது என் கை நடுங்கியது.

வரைவோலையைக் கட்டியபின் நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை எல்லாம் வரிசையாக நடந்தன. ஒவ்வொன்றுக்கும் பொறுமை வேண்டியிருந்தது. அந்த அலைச்சலைப் பங்கு போட்டுக்கொண்ட தலைவர், செயலாளர் இருவருக்கும், நம் வார்டு கவுன்சிலருக்கும் நன்றி.

உதவிப் பொறியாளருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இடத்தை அளக்க வந்த அன்று, நம் தெருவின் தூய்மைப் பணியாளர் அக்கா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மழைநீர் உறிஞ்சுகுழியை வாசல் பக்கம் போடலாம் என்று குறித்தார்கள். அக்கா மெதுவாக, "சார், மழை வந்தா தண்ணி அங்க நிக்காதுங்க, அந்தத் தென்மேற்கு மூலைலதான் நிக்கும். நான் தெனமும் கூட்டறேன், எனக்குத் தெரியும்" என்றார். பொறியாளர் காதில் வாங்காமல் போயிருக்கலாம். அவர் அக்காவையே கூட்டிப்போய் இடத்தைக் காட்டச் சொன்னார், மட்டம் பார்த்தார், வரைபடத்தில் குழியை மாற்றினார். போன ஐப்பசி மழையில் அந்த மூலையில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் ஒரு ராத்திரியில் உறிஞ்சப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். மழை மறைவுப் பிரதேசத்தில் இருக்கும் நமக்கு அந்தத் தண்ணீரின் அருமை தெரியும். அக்கா, அந்தக் குழி நீங்கள் கொடுத்தது.

சைட்டுக்கு அடுத்த வீட்டு அண்ணனுக்கும் நன்றி. பல வருடமாக அங்கே மாடு கட்டிக்கொண்டிருந்தவர். சண்டை வரும் என்று பயந்துகொண்டே போய்ப் பேசினோம். ஒரு வாரத்தில் தன் சொந்த இடத்தில் கொட்டகை போட்டு மாடுகளை மாற்றிவிட்டார். அதோடு நிற்கவில்லை. மரக்கன்று நட்ட அன்று இரண்டு வண்டி சாணி எருவைக் கொண்டுவந்து கொட்டினார். மகிழம், புங்கன், நாவல் எல்லாம் இப்போது இடுப்பளவு வந்திருப்பது அந்த எருவில்தான்.

கணக்கு: வசூலானது 4,31,500. வரைவோலைக்குப் போக மீதி 11,500. கன்றுகளுக்கும் சுற்றுக்கூண்டுகளுக்கும் அது செலவானது. பில் எல்லாம் என்னிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். தண்ணீர் ஊற்றும் முறைப் பட்டியலை வாசலில் ஒட்டியிருக்கிறோம். இந்த வாரம் இரண்டாவது தெரு.

பூங்காப் பலகையில் பெயர்களை அகர வரிசையில் போட்டிருக்கிறோம், தொகை போடவில்லை. அதில் ஒரு பெயர் குறைகிறது. வசூல் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, என் வீட்டு வாசற்படியில் கோலப்பொடி டப்பாவுக்கு அடியில் ஒரு கவரில் 2,000 ரூபாய் இருந்தது. கவரில் "பூங்காவுக்கு" என்று மட்டும் எழுதியிருந்தது. ரசீது எண் 47ஐ உங்களுக்காக எழுதி வைத்திருக்கிறேன். பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வாங்க.

அன்புடன்,
பொருளாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
வடவள்ளி, கோயம்புத்தூர்