ரில்லுமரையும் சினிமாதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக சினிமா பற்றிப் பேசும்போது பின்லாந்தை இயக்குநர் அகி கவுரிஸ்மாகியோடு நிறுத்திவிடுகிறோம். அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்நாட்டு மக்கள் அரங்குகளை நிறைத்துப் பார்த்த 'ரில்லுமரை' எனும் பாட்டும் நகைச்சுவையும் கலந்த வெகுஜனப் படங்களையும் நம் திரைப்படச் சங்கங்கள் திரையிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

1951-ல் வெளியான 'ரொவானியெமி சந்தையில்' இவ்வரிசையின் தொடக்கம். ரெய்னோ ஹெலிஸ்மா எழுதினார், டொய்வோ கார்கி இசையமைத்தார். கையில் அக்கார்டியனோடு பொக்கை வாய்க் கிராமத்தானாக வந்த எசா பகரினனைப் பார்க்கவே கூட்டம் திரண்டது. 1944-ல் ஜெர்மானியப் படை எரித்துச் சாம்பலாக்கிய ஊர் ரொவானியெமி. சோவியத்துக்குச் செலுத்த வேண்டிய போர் இழப்பீடு 1952 வரை நாட்டையே அழுத்தியது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு சந்தைப் பாட்டு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

'ரில்லுமரை' என்பது பாட்டின் பல்லவியில் வரும் பொருளற்ற சொல். 'தனனா' போடுவதைப் போல. தலைநகரின் விமர்சகர்கள் அதையே வசைச்சொல்லாக்கினார்கள். படக்குழுவினரோ பின்வாங்கவில்லை, 1954-ல் 'ஹேய், ரில்லுமரை!' என்றே ஒரு படத்துக்குப் பெயர் வைத்தார்கள். மேட்டுக்குடி ரசனையின் முகத்துக்கு நேரே சிரித்த அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

கதைகள் மெலிந்தவைதாம், மறுக்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் பின்லாந்து ஆய்வாளர்களே இப்படங்களை மதிப்போடு ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ் வசன வரிகளோடு ஒரு படமாவது இங்கே காட்டப்பட்டால் முதல் வரிசையில் அமர்ந்து பார்ப்பேன்.

- ஒரு வாசகர், திருச்சி